என் கணக்குப்படி அமைதியான வீடு

பெண் பார்க்கக் கொல்லிமலையில் இருக்கும் அரியூர் நாட்டுக்குப் போன அன்று, நான் என்ன வேலை செய்கிறேன் என்று விளக்கி முடிப்பதற்குள் ஒரு முழுப் பலாப்பழம் தீர்ந்துவிட்டது. தீர்ந்த பிறகும் யாருக்கும் விளங்கவில்லை.

"மாப்ள ரயில்வேயில இருக்கறாருங்களா?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

"ரயில்வே இல்லீங்க. மெட்ராஸ்ல பூமிக்கடியில ரயில் உடறாங்கல்ல, அது ஓட ஆரம்பிச்சா பக்கத்து ஊடுகள்ல எவ்வளவு சத்தம் கேக்கும், தரை எவ்வளவு அதிரும்னு முன்னாடியே கணக்குப் போட்டுச் சொல்லணுமுங்க."

"ஓடிக்கிட்டு இருக்கற ரயிலுக்குங்களா?"

"இல்லீங்க. இனிமேத்தான் ஓடும்."

அவர் கையில் இருந்த பலாச்சுளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப, வராத ரயிலுக்குக் காது குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுக்குச் சம்பளம்."

"அப்படியும் சொல்லலாமுங்க."

"நல்ல வேலைதான். நாங்க இந்த ரோட்டுல வர்ற பஸ்ஸுக்கே பாதி ஆயுசு காது குடுத்தாச்சு. ஒருத்தனும் ஒண்ணும் குடுத்ததில்லை."

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சமையற்கட்டுக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கு வழியாக வெளியே வந்த சிரிப்பு. அந்தச் சிரிப்பின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குச் சம்மதம் ஆகிவிட்டது. முகத்தைப் பார்த்த பிறகு, அவளுக்கு என் முகம் சம்மதமாக வேண்டுமே என்ற கவலை வந்தது. அவள் செவிலியர் படிப்பு முடித்தவள். இதைவிட மோசமான முகங்களையெல்லாம் வார்டில் பார்த்திருப்பாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

நானும் மலைக்காரன்தான், அதே மலையில் பைல் நாட்டில் பிறந்தவன். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதிலேயே கீழே விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். விடுமுறைக்கு வந்து போகும் மலைக்காரன். எனக்கு மலையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பேருந்தின் ஜன்னல் வழியாகத் தெரிந்தவை. கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனையாவது வளைவில் வாந்தி வரும் என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும். இது பிற்பாடு எனக்கு எவ்வளவு பெரிய குறையாக முடிந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் தொழிலையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், பலாப்பழம் தேவைப்படாது. ரயில் தண்டவாளத்தைக் குலுக்குகிறது. மண் அந்தக் குலுக்கலைச் சுமந்துகொண்டு போகிறது. வீடு அதை வாங்கிக்கொள்கிறது. சுவரும் தரையும் மெல்ல ஆடும்போது அறைக்குள் ஒரு உறுமல் மாதிரி கேட்கும். வாசலில் போகும் லாரியின் சத்தத்தை ஜன்னலைச் சாத்தித் தடுக்கலாம். இது கீழிருந்து வருவது, சாத்துவதற்கு ஒன்றும் கிடையாது. ஆகவே ரயில் வருவதற்கு முன்பே எந்த வீட்டில் எவ்வளவு வரும் என்று கணித்து, அதிகமாக வரும் இடங்களில் தண்டவாளத்துக்கு அடியில் மெத்தென்ற ரப்பர் வைக்கச் சொல்ல வேண்டும்.

கணிப்பது எப்படி என்றால், சுரங்கம் வரப்போகும் ஆழத்துக்கு ஒரு குழாய்க்கிணறு மாதிரி துளை போட்டு, அதன் அடியில் ஒரு எடையைத் தொப்பென்று போடுவோம். மேலே தெருவிலும் வீடுகளுக்குள்ளும் அதிர்வுமானிகளை ஒட்டி வைத்து, போட்டது எவ்வளவு வந்து சேர்ந்தது என்று பார்ப்போம். அதோடு, ஏற்கனவே ரயில் ஓடும் வேறொரு பாதையில் ரயில் எவ்வளவு உதைக்கிறது என்று அளந்ததைச் சேர்த்தால், இந்த வீட்டின் இந்த அறையில் இத்தனை டெசிபல் என்று விடை வரும். பார்க்கிற ஜனங்களுக்கு என்ன தெரியுமென்றால், மஞ்சள் சட்டை போட்ட நாலு பேர் தெருவில் எதையோ போட்டுவிட்டு, வீட்டுக்குள் ஓடிவந்து "கேட்டுதுங்களா?" என்று கேட்கிறார்கள் என்பதுதான். ஒரு அம்மாள் என்னைத் தண்ணீர்க் குழாய்க்காரன் என்று நினைத்து அரை நாள் திட்டியிருக்கிறார். நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். வாங்கிக்கொள்ளும் வீடு எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரிய வேண்டுமல்லவா.

கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் வீடு தேடியபோது, நான் கணித்து எழுதிய அறிக்கையிலிருந்த ஒரு தெருவிலேயே வீடு காலியாக இருந்தது. அடியில் சுரங்கம் தோண்டி முடித்திருந்தார்கள், ரயில் இன்னும் விடவில்லை. என் கணக்குப்படி அந்தக் கட்டடம் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு உள்ளேயே இருந்தது. சமையல்காரன் தன் சமையலைத் தானே சாப்பிட்டுக் காட்டுவது போல, நான் என் கணக்குக்குள்ளேயே குடிபோனேன். அலுவலகத்தில் இதைச் சொல்லிப் பெருமைப்படாத நாள் கிடையாது.

அவள் வந்தாள். ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ராத்திரி டியூட்டிதான் என்றார்கள். நான் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது அவள் வீட்டுக்குள் வருவாள். இட்லி சாப்பிட்டு, குளித்து, படுக்கையறையில் பாயை விரித்துப் படுப்பாள். நான் ஆசையாக வாங்கிப் போட்ட கட்டிலும் மெத்தையும் துவைத்த துணிகளை மடித்து வைக்கப் பயன்பட்டன.

"ஏன், கட்டிலுக்கு என்ன குறைச்சல்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மேல படுத்தா எங்கியோ பஸ்ஸுல போற மாதிரியே இருக்குதுங்க. தூக்கம் வரமாட்டேங்குது. கீழ படுத்தாத்தான் படுத்த மாதிரி."

பேருந்திலேயே நன்றாகத் தூங்கும் எனக்கு அது புரியவில்லை. ஆனால் அந்த மாதங்களில் அவள் நன்றாகத் தூங்கினாள். சாயங்காலம் நான் சாவியைத் திருப்பும் சத்தத்தில்தான் எழுவாள். முகத்தில் பாயின் கோடு விழுந்திருக்கும். தேநீர் போட்டுக் குடித்துவிட்டு மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம். பிறகு அவள் கிளம்பிவிடுவாள். ஒரு நாளில் எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அது போதும் என்றுதான் இருந்தது. இன்று நினைத்தால், அப்போது இன்னும் கொஞ்சம் நேரம் மாடியில் உட்கார்ந்திருக்கலாம்.

ரயில் ஓட ஆரம்பித்தது. எங்கள் வேலையில் அதற்குப் பிறகு ஒரு பரீட்சை இருக்கிறது. முன்பு கணித்தது சரியா என்று அளந்து பார்க்க வேண்டும். அளக்க யாராவது வீட்டுக்குள் விட வேண்டுமே. நாங்கள் துளைக்குள் எடை போட்ட காலத்திலேயே தெருவில் எல்லாருக்கும் எங்கள் மேல் வெறுப்பு வந்திருந்தது. என் வீட்டிலேயே அளந்துகொள்ளலாம் என்று தாராளமாகச் சொன்னேன்.

காலையில் அவள் பாய் விரிக்கும்போது, படுக்கையறைத் தரையில் அதிர்வுமானியை மெழுகு வைத்து ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னையும் சேத்து அளக்கப் போறீங்களா?" என்றாள்.

"நீ பாட்டுக்குத் தூங்கு. நான் ரயிலை மட்டும்தான் அளக்கறேன்."

"நான் கொறட்டை உட்டா அதுல வந்துருமா?"

"வந்தா அதையும் கவர்மெண்டுக்கு அனுப்பிருவேன்."

சிரித்துக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் கருவியை ஓடவிட்டுவிட்டு அலுவலகம் போனேன்.

மறுநாள் கருவியின் பதிவைக் கணினியில் திறந்து பார்த்தால், ரயில்கள் ஒவ்வொன்றும் ஒரு அழகான மேடாக வரிசையாக வந்திருந்தன. ஒவ்வொரு மேட்டின் பின்னாலும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, கோணல் மாணலாக இன்னொரு சின்ன மேடு. எங்கள் தொழிலில் இதற்குக் கலப்படம் என்று பெயர். அறையில் யாராவது நடந்தாலோ நாற்காலியை இழுத்தாலோ இப்படி வரும். அதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத்தான் கணக்கில் எடுப்போம். அப்படித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், அப்படித்தான் நானும் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டினேன். வெட்டி முடித்தபோது அளவும் என் கணிப்பும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தது மாதிரி பொருந்தின. மேலதிகாரி எழுந்து வந்து கைகொடுத்தார். என் சர்வீஸில் அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தது அன்றைக்கு மட்டும்தான். அலுவலகத்துக்கு மைசூர்பாகு வாங்கினேன், வீட்டுக்கும் ஒரு டப்பா வாங்கிக்கொண்டேன்.

கதவைத் திறந்தபோது அவள் பாயில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். முகத்தில் பாயின் கோடு இல்லை.

"கணக்கு அப்படியே சரியா வந்துருச்சு," என்று டப்பாவை நீட்டினேன்.

ஒன்றை எடுத்துப் பாதி கடித்தாள். "நல்லா இருக்குதுங்க." மென்று முடித்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க, அந்த ரயிலு எத்தனை நேரத்துக்கு ஒண்ணு வருதுங்க?"

"ஏன், கேக்குதா?"

"கேக்கலீங்க. வருது."

"வரத்தான் செய்யும். ஆனா அளவுக்குள்ளதான் இருக்கு. சாதாரண மனுசனுக்குத் தெரியவே தெரியாது."

"அப்படீங்களா," என்று சொல்லிவிட்டு மிச்சப் பாதியையும் சாப்பிட்டாள்.

அந்த 'அப்படீங்களா'வை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். நோயாளியின் சொந்தக்காரர்கள் எதையாவது உளறினால் செவிலியர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று பின்னால் தெரிந்தது.

சில வாரம் கழித்து, "வேற ஊடு பாக்கலாமுங்களா?" என்றாள். நான் அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? மறுநாளே ஒரு மினி லாரி பிடித்திருக்க வேண்டும். நான் படம் வரைந்தேன். பேப்பரை எடுத்து, படுக்கையறைகளுக்கான அளவு எது, நம் அறையின் அளவு எது, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று வரைந்து காட்டினேன். படுக்கையறை என்றால் மனிதர்கள் ராத்திரியில் தூங்கும் அறை என்பதுதான் அந்தக் கணக்கின் அடிப்படை. ராத்திரியில் ரயில் குறைவு. என் மனைவி தூங்குவது பகலில், ரயில்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும் நேரத்தில். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ஆனாலும் என் வீட்டில் யார் எப்போது தூங்குகிறார்கள் என்பது என் படத்தில் இல்லை.

அவள் படத்தைப் பார்த்துவிட்டு, "அழகா வரைஞ்சிருக்கறீங்க," என்றாள். அதையும் நான் பாராட்டாகவே வாங்கிக்கொண்டேன்.

அடுத்து என் அறிவு இன்னொரு பக்கம் வேலை செய்தது. வீட்டை மாற்றாமல் படுக்கையை மாற்றுவது. நாமக்கல்லில் லாரி உதிரிப் பாகக் கடை வைத்திருக்கும் ஒரு நண்பனிடமிருந்து, என்ஜினுக்கு அடியில் வைக்கும் ரப்பர்க் கட்டைகளை வரவழைத்தேன். லாரி என்ஜினின் ஆட்டத்தையே விழுங்கும் ரப்பர், ரயிலின் சின்ன ஆட்டத்தை விழுங்காதா என்பது கணக்கு. கட்டிலின் நான்கு கால்களுக்கும் அடியில் வைத்து, துணிகளையெல்லாம் எடுத்துவிட்டு, அவளைக் கெஞ்சி மேலே படுக்க வைத்தேன். நான் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். ரயில் வந்தது. கட்டில் மெல்ல ஒரு ஆட்டம் ஆடியது. எனக்கே கண்ணுக்குத் தெரிந்தது.

அவள் படுத்தபடியே கூரையைப் பார்த்துச் சொன்னாள்: "இப்ப நல்லாவே தெரியுதுங்க. ரயிலுக்கு உள்ளயே படுத்த மாதிரி."

அந்த ரப்பர் லாரி என்ஜினின் கனத்தில் அமுங்கி வேலை செய்வதற்காகச் செய்தது. லேசான கட்டிலுக்கு அடியில் அது அமுங்காது. அமுங்காவிட்டால் ஆட்டத்தை விழுங்காது, ரயிலின் ஆட்டத்தோடு சேர்ந்துகொண்டு அதைப் பெரிதாக்கும். இது நான் மாணவர்களுக்குப் பாடம் எடுத்த விஷயம். விளக்கினேன்.

"அப்ப நான் லாரி என்ஜின் கனம் இருந்திருந்தா நல்லாத் தூங்கியிருப்பேன்."

"கட்டிலுக்கு மேல சுத்தி சிமெண்ட் மூட்டை அடுக்கினா சரியா வரும்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மூக்கு வழியாக வரும் அதே சிரிப்பு. நானும் சிரித்தேன். கட்டில் அவள் சிரிப்புக்கும் சேர்த்து ஆடியது. அவள் கண்களில் தண்ணீர் வந்தது. சிரிப்பில்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டே நான் அடுத்த நகைச்சுவையைத் தேடிக்கொண்டிருந்தேன். என்னிடம் இருக்கும் பெரிய கோளாறு இதுதான். எதிரில் இருப்பவர் சிரித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நம்பிவிடுவேன்.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். "முந்தாநேத்து வார்டுல ஒருத்தருக்கு ட்ரிப்ஸ் மாத்தும்போது கண்ணு சொருகிருச்சுங்க. கூட இருந்த பொண்ணு பாத்துட்டா. ஒண்ணும் ஆகலை." தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஆகியிருக்கும்."

அந்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு இருவரும் மலைக்குப் போனோம். மரவள்ளி பிடுங்கும் பருவம், ஊரில் அதைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். பேருந்தில் நான் தூங்கினேன், அவள் விழித்திருந்தாள். அவள் அப்பா வீட்டுக்குப் போனதும் ஒரு பாயை இழுத்துப் போட்டுப் படுத்தவள், மதியச் சோறு ஆறி, சாயங்காலத் தேநீரும் ஆறிய பிறகுதான் எழுந்தாள். கோழிகள் அவளைத் தாண்டித் தாண்டிப் போயின. பக்கத்திலேயே மாமனார் மிளகுக் கொடி கட்ட ஏணியை இழுத்தார். அவள் அசையவில்லை.

நான் மாமனாரிடம் போய், "இந்தச் சத்தத்துல எப்படித் தூங்கறாங்க? அங்க அந்தச் சின்ன அதிர்வுக்கு எந்திரிச்சுக்கறாங்களே," என்று கேட்டேன். ஒரு நிபுணனுக்கு இன்னொருவரிடம் கேட்கச் சங்கடமான கேள்விதான்.

"என்ன மாதிரி அதிருமுங்க மாப்ள?"

நான் அவர் பக்கத்தில் மண்ணில் உள்ளங்கையால் மெதுவாகத் தட்டிக் காட்டினேன். தூரத்தில் தொடங்கி, நெருங்கி, கடந்து போகிற மாதிரி.

அவர் ஏணியை விட்டுவிட்டுச் சிரித்தார். "பன்னியில்லைங்களா அது."

"என்னதுங்க?"

"காட்டுப் பன்னி. கூட்டமா எறங்குனா அப்படித்தான் வரும். இவ சின்னப் புள்ளையில இருந்து கெழங்குக் காட்டுக் காவலுக்குப் படுத்தவ. எங்கள மாதிரிப் பரண் மேல ஏற மாட்டா. கீழ மண்ணுலயே பாயப் போட்டுப் படுத்துக்குவா. கோழி கத்துனா எந்திரிக்க மாட்டா, ஆளு கத்துனா எந்திரிக்க மாட்டா. பன்னி எறங்குனா மட்டும் டக்குனு எந்திரிச்சுத் தகரத்தத் தட்டுவா. எங்கூட்டுக் கெழங்கு சந்தைக்குப் போனதே அவளாலதாங்க."

"ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுக்குவாங்களா?"

"ஒரு தடவை உட்டாலும் காடு போச்சுங்களே மாப்ள." பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏனுங்க, பைல் நாட்டுல நீங்க காவலுக்குப் படுத்ததில்லைங்களா?" என்றார்.

"நான் ஹாஸ்டல்ல படுத்தவனுங்க."

"அங்க பன்னி வராது," என்று ஒத்துக்கொண்டார்.

விடுப்பு முடிந்து நான் கிளம்பியபோது, "பத்து நாள் தூங்கிட்டு வாரேனுங்க," என்றாள். தூங்கட்டும் என்று தனியாக இறங்கினேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் அந்தப் பழைய பதிவைத் திறந்து, வெட்டி எறிந்ததையெல்லாம் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ரயில், அதன் பின்னால் அவள். ரயில், அதன் பின்னால் அவள். ஒவ்வொரு ரயிலுக்கும் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள், பன்றி இல்லை என்று தெரிந்து திரும்பப் படுத்திருக்கிறாள். அடுத்தது வந்ததும் மறுபடி எழுந்திருக்கிறாள். நான் கலப்படம் என்று சொல்லி என் மனைவியை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, மிச்சம் இருந்ததற்கு மைசூர்பாகு வாங்கியிருக்கிறேன்.

வீடு தேட ஆரம்பித்தேன். இந்த முறை சும்மா விடக்கூடாது என்று முடிவு. எந்த வீட்டுக்குப் போனாலும் சமையலறையைப் பார்க்க மாட்டேன், குழாயைத் திறந்து பார்க்க மாட்டேன். நேராகப் படுக்கையறைக்குப் போய்த் தரையில் படுத்து, காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். ஒரு வீட்டுக்காரர் ஓடிப்போய் சோடா வாங்கி வந்துவிட்டார். இன்னொருவர், "சார், ஃபேமிலி இருக்குங்களா, இல்ல பேச்சிலரா?" என்று சந்தேகமாகக் கேட்டார். மலையிலும் அந்தக் கேள்வியை அப்போது கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஒரு வீட்டில் கீழே தண்ணீர் மோட்டார். ஒரு வீட்டில் பக்கத்துத் தெருவில் மாவு மில். நல்லதாக ஒன்று கிடைத்தபோது, புதிதாகப் போடப்போகும் பாதையின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், கோடு அதற்கு அடியில் போனது. இன்னொன்று கிடைத்தது. அதற்கு அடியில் இன்றைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் நாளைக்கு வரலாமே என்று விட்டுவிட்டேன். முதலில் என் கணக்கை அதிகம் நம்பினேன், பிறகு எதையுமே நம்பவில்லை. பத்து நாள் தூங்க வந்தவள் ஒரு மழைக்காலம் முழுக்க மலையிலேயே இருந்தாள். சென்னை வேலையை விட்டுவிட்டு, மலைமேல் செம்மேட்டு அரசு ஆஸ்பத்திரியில் ஆள் குறைவாக இருக்கிறது என்று தற்காலிகமாகச் சேர்ந்தாள். சும்மா இருக்க முடியவில்லை என்று போனில் சொன்னாள். நல்லதுதான், இன்னும் கொஞ்ச நாள் என்றேன். சனிக்கிழமைதோறும் மலையேறி, ஞாயிறு இறங்கினேன்.

ஒருவழியாக ஒரு வீடு கிடைத்தது. நகரத்தின் ஓரத்தில், பழைய பாதைக்கும் புதிய பாதைக்கும் யாரும் கனவில்கூட வரைந்திராத பாதைக்கும் தள்ளி, ஒரு முட்டுச்சந்தின் கடைசி வீடு. கருவியைத் தூக்கிப்போய் பகல் முழுக்க அளந்தேன். திரையில் கோடு படுத்தே கிடந்தது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கணக்காசிரியர், நான் தரையில் படுத்ததற்கு அவர் ஒரு தலையணை கொண்டுவந்து கொடுத்தார். அன்றே சாவி வாங்கினேன். அந்தச் சனிக்கிழமை வளைவுகளில் எனக்கு வாந்தி வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது மாமனார் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க மாப்ள. சாமி, மாப்ள வந்துட்டாரு, நீயே சொல்லு," என்று உள்ளே இருந்த மகளைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் காட்டுப் பக்கம் போய்விட்டார். பேசுவதற்கு வாய்ப்பு இருக்கும் இடத்தைவிட்டு அவர் விலகிப் போய் நான் பார்த்ததில்லை.

அவள் கைபேசியை நீட்டினாள். கல்யாணத்துக்கு முன்பு அவள் எழுதிய அரசு செவிலியர் பரீட்சைக்கு நியமன உத்தரவு. நிரந்தர வேலை, மலையிலேயே.

"காலையிலதான் வந்துச்சுங்க. உங்களுக்கு போன்ல சொல்ல வேண்டாம்னு இருந்தேன்."

நான் சட்டைப் பையில் கையை விட்டு, சாவியை எடுக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். எடுக்காமலே இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒன்றை மறைத்து வைக்கும் முகம் கிடையாது.

"ஊடு கிடைச்சிருச்சா?" என்று அவளே கேட்டாள்.

சாவியைக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டாள். கிழக்கு என்றேன். சமையற்கட்டில் வெளிச்சம் வருமா என்றாள், நான் பார்க்கவில்லை என்றேன். துணி காயப்போட மாடி உண்டா, பக்கத்தில் மரம் இருக்கிறதா, பால் எத்தனை மணிக்கு வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வரப்போகிறவள் கேட்பது மாதிரியே கேட்டாள். எனக்கு உள்ளே ஒரு ஓரத்தில் நம்பிக்கைகூட வந்துவிட்டது.

"சத்தம் இல்லியே?"

"ஒண்ணுமே இல்லை. நானே அங்க படுத்துத் தூங்கிட்டேன்."

"நீங்க எங்கதான் தூங்க மாட்டீங்க." சாவியை என் கையில் திருப்பி வைத்தாள். "எத்தனை வருசம் காத்திருந்த வேலைன்னு உங்களுக்குத் தெரியும். இதையும் உட்டுட்டு வந்து, அப்புறம் அங்கியும் தூக்கம் வரலைன்னா, உங்க மூஞ்சியப் பாத்து எனக்குக் கோபம் வந்துருமுங்க. இப்ப வரைக்கும் வரலை. அது அப்படியே இருக்கட்டும்."

"நான் இங்க வந்துரட்டுமா?"

"வந்து? கொல்லிமலைக்கு அடியில ரயில் உடப் போறாங்களா?"

எனக்குத் தெரிந்த ஒரே வேலைக்குத் தரைக்கு அடியில் ரயில் வேண்டும், அவளுக்கு அடியில் ஒன்றும் இல்லாத தரை வேண்டும். இந்த இரண்டையும் பெண் பார்க்க வந்த அன்றே அவள் அப்பா ஒரு சுளையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்திருப்பாரோ என்று தோன்றியது. அவரிடம் கேட்கவில்லை.

மறுநாள் செம்மேட்டுக்குப் போனோம். சேர வேண்டிய நாளுக்குள் யூனிஃபார்ம் தைக்க வேண்டும், துணி எடுக்க வேண்டும் என்றாள். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் கடையில் அவள் துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. கணக்காசிரியர்.

"சார், பால் காய்ச்ச நாள் பாத்துட்டீங்களா? நான் வீட்டைக் கழுவி விடச் சொல்லணும்."

"இல்லீங்க ஐயா. நாங்க வரலீங்க."

"ஏன் சார், ஏதாவது சத்தம் இருக்கா? நீங்கதான் நாள் பூரா படுத்துப் பாத்தீங்களே."

"சத்தமெல்லாம் இல்லீங்க. அந்த மாதிரி அமைதியான வீடு சென்னையிலயே கிடையாது. எழுதியே தர்றேன்."

"அப்புறம் என்ன சார் பிரச்சினை?"

கணக்கு வாத்தியாரிடம் விடையைத் தப்பாகச் சொல்லக்கூடாது என்று சின்ன வயதிலிருந்தே ஒரு பயம். சரியான விடை எனக்குத் தெரியத்தான் தெரியும். ஆனால் அதைப் போனில், துணிக்கடையில் நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை.

"வேற யாருக்காவது குடுத்துருங்க ஐயா. பகல்ல தூங்கறவங்க யாராவது கேட்டு வந்தா, அவங்களுக்கு முதல்ல குடுங்க."

அவர் சரி என்றார். சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்லி வைத்தேன்.

"யாருங்க?" என்று துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் கேட்டாள்.

"ஊட்டுக்காரர்."

அவள் துணியின் ஓரத்தை விரலில் கசக்கி, சாயம் நிற்குமா என்று பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ரெண்டு செட்டு போதுங்களா, மூணு எடுக்கட்டுமா?" என்றாள்.

"மூணா எடு," என்றேன். "மழைக்காலத்துல இங்க துணி சீக்கிரம் காயாது."